பெட்டிஸின் கழுத்து

மில்வாக்கி
செப்டம்பர் 2, 1981, புதன்

எர்னி,

இன்று காலை பதினொன்றே காலுக்கு லாமார் பெட்டிஸ் மில்வாக்கி ஃபுட்பால் அணியின் மருத்துவப் பரிசோதனையில் தேறிவிட்டார். அணி அலுவலகம் கொடுத்த ஒரு பக்கத் தாள் என்னிடம் இருக்கிறது. முழங்கால், இதயம், கண் என்று மூன்று வரிகள். மூன்றுக்கும் எதிரே 'சரி' என்று எழுதி மருத்துவர் கையெழுத்திட்டிருக்கிறார். திங்கள்கிழமை நான்கு மணிக்கு நீங்கள் டொலீடோவில் விடுவித்த ஆளை, மற்ற அணிகள் கேட்பதற்கான இருபத்துநான்கு மணி நேரக் கெடு முடிய நாற்பது நிமிடம் இருக்கும்போது இவர்கள் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். உங்கள் விடுவிப்புத் தாளும் லீக் தலைமையகத்தின் டெலிபிரிண்டரில் வந்தது. அதில் 'காயம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்றிருக்கிறது.

பத்து மாதமாக நீ என்னோடு பேசவில்லை. நட்பைப் புதுப்பிக்க இதை எழுதவில்லை. டொலீடோ அணியின் தற்காப்புப் பயிற்சியாளரிடம் ஒரு நிருபர் கேட்கும் கேள்வி இது: ஏன் விடுவித்தாய்?

ஒன்பது ஆண்டுகளாக உன் தற்காப்பு முழுவதும் அந்த ஒரு மனிதரைச் சுற்றிக் கட்டப்பட்டது. உன் முன்வரிசையில் நடுவில் நிற்பவன் வேண்டுமென்றே ஓரடி விலகுவான். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி வருபவன் அந்த இடைவெளியைக் கண்டு உள்ளே பாய்வான். ஆறு கஜம் பின்னால் நின்ற பெட்டிஸ் அதற்குள் முழு ஓட்டத்தில் வந்திருப்பார். அதற்குக் 'கதவு' என்று நீதான் பெயர் வைத்தாய். கதவைத் திறந்து வைப்பது, உள்ளே வந்தவன் முகத்தில் சாத்துவது. சாத்துவதற்கு ஆள் இல்லாமல் இந்த ஆண்டு கதவை எப்படித் திறக்கப் போகிறாய்?

இங்கே ஆள் சேர்க்கும் பொறுப்பில் இருக்கும் கஸ் டைக்கர்ட்டை உனக்குத் தெரியும். அவரிடம் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்:

"எர்னி மூணு நாளா ஊர் ஊரா ஃபோன் போட்டு ஒப்பாரி வச்சான். 'கால் போச்சு கஸ், கிழவனாயிட்டான், தொடாதே'ன்னு. இருபது வருஷமா அவனைத் தெரியும் எனக்கு. நல்ல ஆளை ஒளிச்சு வைக்கணும்னாதான் அவன் இப்படி வாயைத் திறப்பான். நாம யாரும் எடுக்கலைன்னா பத்து நாள்ல திரும்பக் கூப்பிட்டுக்குவான். ஒருத்தனை எர்னி திட்டினான்னா, நான் அடுத்த நிமிஷம் அவனைக் கேட்டு லீக்குக்குத் தந்தியைக் கொடுத்திடுவேன்."

இது உங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அப்படித்தான் நடந்ததென்றால் ஒரு வரி எழுது, அச்சிட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஒப்பந்தத்தில் பெட்டிஸ் இடது கையால் கையெழுத்திட்டார். நான் டொலீடோவில் நிருபராக இருந்த ஆண்டுகளில் அவர் வலது கையால் எழுதித்தான் பார்த்திருக்கிறேன்.

ஹார்லன்


டொலீடோ
செப்டம்பர் 4

ஹார்லன்,

உனக்குப் பதில் எழுத வேண்டிய கடமை எனக்கு இல்லை. என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, இலோனா செய்த முட்டைக்கோஸ் உருண்டையை மூன்றாம் முறை போட்டுக்கொண்டு, நான் சொன்ன ஒரு வாக்கியத்தை மறுநாள் காலை எண்பதாயிரம் வீடுகளின் வாசலில் எறிந்தவன் நீ. "அவன் எழுந்து நடந்து போனான்னா நீங்க வேலை செய்யலைன்னு அர்த்தம்." ஆமாம், சொன்னேன். அணிக் கூடத்தில் என் ஆட்கள் நாற்பது பேருக்கு முன்னால் சொன்னதை உனக்கும் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டிஸ் இடித்ததில் எதிரணி ஸோர்லியின் தொடை எலும்பு இரண்டாகி, கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அதற்குப் பிறகு அந்த வாக்கியம் எப்படிக் கேட்கும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டாய். இலோனா இன்றுவரை உன் பெயரைச் சொல்வதில்லை, 'அந்தத் தின்னி' என்கிறாள்.

பெட்டிஸை ஏன் விடுவித்தேன்? பலகையில் நாற்பத்தைந்து ஆணிதான் உண்டு. அதற்கு மேல் பெயர் மாட்ட முடியாது. தற்காப்புக்கு எனக்குக் கொடுத்தது இருபத்தொன்று. முப்பத்தொரு வயதுக்காரரை எடுத்துவிட்டு இருபத்துமூன்று வயதுக்காரனை மாட்டினேன். இதை எழுதிக்கொள். இதற்கு மேல் எழுதாதே.

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். பேனாவை முதலில் வலது கையில் வாங்கிப் பிறகு மாற்றினானா, இல்லை நேராக இடது கையையே நீட்டினானா? உங்கள் ஆட்கள் அவனை எவ்வளவு பின்னால் நிறுத்துகிறார்கள்? பத்து கஜத்துக்கு மேல் என்றால் பதில் எழுத வேண்டாம்.

எர்னி


மில்வாக்கி
செப்டம்பர் 8, செவ்வாய்

எர்னி,

ஆறு கஜம்.

நேராக இடது கையையே நீட்டினார்.

உன் கதவை இவர்கள் அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவருக்கு அதுதானே தெரியும் என்கிறார் கஸ். ஞாயிற்றுக்கிழமை ஒமாஹாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஒன்பது முறை திறந்தார்கள். எட்டு முறையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் கால்பகுதியில் ஒன்பதாவது முறை ஒமாஹாவின் ஹெபர்ட் பந்தோடு உள்ளே வந்தான். இருபத்துமூன்று வயது, கழுத்து தோளோடு ஒட்டிய உடம்பு. பெட்டிஸ் தலையைக் குனிந்துகொண்டு போனார். ஹெல்மெட்டின் உச்சி ஹெபர்ட்டின் முகக்கம்பிக்குக் கீழே தாடையில் இறங்கியது. நான் பத்திரிகையாளர் கூண்டில், கண்ணாடிக்குப் பின்னால், ஐந்தாம் மாடி உயரத்தில் இருந்தேன். சத்தம் அங்கே வரை கேட்டது. ஹெபர்ட் மல்லாந்து விழுந்தான். கம்பி வழியாக ரத்தமும் ஒரு துண்டு நாக்கும் வந்தன. தாடை மூன்று இடத்தில் உடைந்திருப்பதாக ஒமாஹா மருத்துவர் ஆட்டத்துக்குப் பிறகு சொன்னார்.

மைதானத்தில் அறுபதாயிரம் பேரும் ஹெபர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டிஸைப் பார்த்தேன். குப்புற விழுந்த இடத்தில் கிடந்தார். கை இரண்டும் உடம்புக்கு அடியில். என் கடிகாரத்தில் ஏழு வினாடி. பிறகு முழங்காலை மடக்கி, கையை ஊன்றாமலே எழுந்தார். கைகள் தொங்கின. பக்கத்தில் நின்றவன் வாழ்த்தக் கையை நீட்டியபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த முறை பந்து ஆடப்பட்டபோதும் தன் இடத்தில் நின்றார்.

உடை மாற்றும் அறையில் கேட்டேன்.

"கை எப்படியிருக்கு லாமார்?"

"எந்தக் கை?"

"தொங்குதே, அது."

"அது தூங்குது. ஆட்டம் முடிஞ்சிருச்சு, அதுக்கும் ஓய்வு வேணாமா? உனக்குத் தூக்கம் வந்தா யாரும் கேள்வி கேக்கறாங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருடைய காலணிக் கயிற்றை வேறொருவன் அவிழ்த்துவிட்டான். ஏதோ பந்தயத்தில் தோற்றவன் செய்வதுபோல அதையும் விளையாட்டாக்கினார்கள்.

நீ எத்தனை கஜம் என்று கேட்ட அன்றே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை நீ சொல். அவருடைய கழுத்தில் என்ன இருக்கிறது?

ஹார்லன்


டொலீடோ
செப்டம்பர் 11

ஹார்லன்,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை கிழித்தேன். நிருபரான உன்னிடம் தொலைபேசியில் சொல்ல முடியாது. அலுவலகத்தில் எல்லா அழைப்பும் நிர்வாகி பர்டெட்டின் மேசை வழியாகத்தான் போகிறது. வீட்டில் இலோனா உன் குரலைக் கேட்டால் வைத்துவிடுவாள்.

ஆகஸ்ட் 18, முகாமில் காலைப் பயிற்சி. புதிதாக வந்த ஒரு பையன் பந்தோடு வந்தான், பெட்டிஸ் சாத்தினான். பையனுக்கு விலா இரண்டு போயிற்று. பெட்டிஸ் புல்லில் கிடந்தபடி, "கோச், என் கையைக் காணோம்" என்றான். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்து, "தேடிப் பாரு, இங்கதான் விழுந்திருக்கும்" என்றேன். ஹார்லன், நான் அப்படித்தான் சொன்னேன். நாற்பது வினாடி அவனால் ஒரு விரலை அசைக்க முடியவில்லை.

மறுநாள் எங்கள் அணி டாக்டர் க்ரான்ஸ் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். அறையில் நாங்கள் மூன்று பேர்தான்.

"எர்னி, தண்டுவடம் போற குழாய் இவருக்குப் பொறக்கறப்பவே குறுகல். ஒன்பது வருஷ இடியில எலும்பு வளர்ந்து அதை இன்னும் நெருக்கியிருக்கு. தலையைக் குனிஞ்சு நேரா ஒரு இடி, அவ்வளவுதான். கழுத்துக்குக் கீழ ஒண்ணும் இருக்காது. மூச்சு இருக்குமான்னுகூடச் சொல்ல முடியாது."

"எப்ப?" என்று கேட்டான் பெட்டிஸ்.

"நேத்தே நடந்திருக்கணும்" என்றார் டாக்டர்.

அவர் போன பிறகு பெட்டிஸ் என் சட்டையைப் பிடித்தான். கோபத்தில் அல்ல. விரல் சரியாகப் பிடிக்கவில்லை, நழுவி நழுவிப் பிடித்தான்.

"கோச், காகிதத்துல எழுதாதீங்க. கழுத்து போச்சுன்னு எழுதினா இனி ஒரு பள்ளிக்கூடத்துல கூட கோச்சா விசில் ஊத விட மாட்டாங்க. வயசாயிடுச்சுன்னு சொல்லுங்க. கால் போச்சுன்னு சொல்லுங்க. அதை நான் தாங்கிக்குவேன்."

"விடுவிச்சா வேற எவனாவது கூப்பிடுவான். போவியா?"

"கூப்பிட்டா போகாம இருக்க எனக்குத் தெரியாது. கூப்பிடாம நீங்க பாத்துக்கங்க. ஒருத்தனும் கூப்பிடலைன்னா ஊருக்குப் போறேன். என் பொண்ணுங்க மேல சத்தியம்."

அதுதான் ஒப்பந்தம். நான் 'காயம் இல்லை' என்று கையெழுத்திட்டேன். வழக்கமாக ஆளை நீக்கும்போது உதவியாளன் ஒருவன் அறைக்குப் போய், "கோச் கூப்பிடறார், ஆட்டத் திட்டப் புத்தகத்தையும் எடுத்துட்டு வாங்க" என்பான். அன்று நானே போனேன். அவன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கதவு பற்றிய பக்கங்கள் முழுவதும் அவன் கையெழுத்துதான். பாதிக்கு மேல் அவன் கண்டுபிடித்தது.

அதற்கு முந்தைய மூன்று நாளும் உட்கார்ந்து ஒவ்வொரு அணிக்கும் ஃபோன் போட்டேன். கால் போச்சு, மெதுவாகிவிட்டான், எடுக்காதே. இருபத்தேழு பேரிடம். இருபது வருடமாக நான் யாரைப் பற்றியாவது கெட்டதாகச் சொன்னால் அது பொய். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கு மட்டும் அந்த மூன்று நாள் அது மறந்துபோயிற்று. வாயே திறக்காமல் இருந்திருந்தால் முப்பத்தொரு வயதுக்காரனை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவனை மில்வாக்கிக்கு அனுப்பியது நான்தான்.

உன் கடிதம் வந்த பிறகு நேற்று கஸ்ஸை அழைத்து உள்ளதைச் சொன்னேன். கழுத்து, படம், டாக்டர், எல்லாம். பர்டெட் கேட்டால் கேட்கட்டும் என்றுதான் அலுவலகத்திலிருந்தே பேசினேன்.

"எர்னி, இருபத்தேழாம் தேதி நாம மோதறோம். என் ஆளை உட்கார வைக்கணும்னா இதைவிட நல்ல கதையா கிடைக்கலையா உனக்கு? போன வாரம் கால் போச்சுன்னே. அடுத்த வாரம் கண்ணு தெரியலைம்பியா?"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

படம் மருத்துவ அறை அலமாரியில் பூட்டியிருக்கிறது. சாவி பர்டெட்டிடம். கேட்டேன். "'காயம் இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டது யாரு? நீ. அந்தப் படம் வெளியே போனா லீக் உன்னைத் தொங்கவிட்டுட்டு அடுத்து என்கிட்ட வரும். போய் வேலையைப் பாரு" என்றான்.

வேலை என்ன தெரியுமா? எங்கள் தாக்குதல் பயிற்சியாளர் மெக்லாரி வந்து கேட்கிறான்: "உன் கதவை நீயே எப்படி உடைப்பே?" எனக்குத் தெரியும். பந்தோடு வருபவனுக்கு முன்னால் இருநூற்று எழுபது பவுண்டு எடையுள்ள காவலன் ஒருவனை அந்த இடைவெளிக்குள் விட வேண்டும். சாத்த வருபவன் தலையைக் குனிந்துதான் அவனைச் சந்திக்க முடியும். வேறு வழியே இல்லை.

எர்னி


மில்வாக்கி
செப்டம்பர் 15, செவ்வாய்

எர்னி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஆட்டம். பதினொரு முறை கதவு. எட்டாவது முறைக்குப் பிறகு அவர் ஆடுகள ஓரத்துக்கு வந்து, வலது கையை இடது கையால் தூக்கி இடுப்பு வாரில் செருகிக்கொண்டு நின்றார். உதவியாளர் ஒருவர் முகர்வதற்கு ஏதோ கொடுத்தார். எதிரணியில் ஒருவனுக்குத் தோள்பட்டை கழன்றது. இன்னொருவன் எழுந்து, தவறான பக்கம் நடந்து, எங்கள் ஆட்களின் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். கூட்டம் எழுந்து நின்று பெட்டிஸின் பெயரைக் கத்தியது. இங்கே அவருக்கு இரண்டே வாரத்தில் அப்படி ஒரு பெயர்.

நேற்று மைதானத்து வண்டி நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன். எனக்குத் தெரியும் என்று சொன்னேன். நீ சொன்னாய் என்பதையும் மறைக்கவில்லை.

"படத்தைப் பாத்தியா நீ?"

"இல்லை."

"அப்ப உனக்கு ஒண்ணும் தெரியாது. எழுதினா பொய்யின்னு சொல்லுவேன். எர்னியும் கஸ்ஸும் சேர்ந்து சொல்லுவாங்க."

"எர்னி சொல்ல மாட்டார்."

அவர் வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டார். "இருபத்தேழாம் தேதி ஒரு ஆட்டம் போதும் எனக்கு. அதுக்கப்புறம் யாரு என்ன வேணா எழுதிக்கங்க."

"கால் போச்சுன்னு அவர் சொன்னது உங்களைக் காப்பாத்தத்தான்."

"தெரியும்யா. நான்தானே சொல்லச் சொன்னேன். நம்ப வேண்டியவன் ஒருத்தனும் நம்பலை. நம்பக் கூடாதவங்க எல்லாம் நம்பிட்டாங்க. என் பொண்டாட்டி ஃபோன்ல 'காலுக்கு என்ன பண்ணுது'ன்னு கேக்கறா. டொலீடோவில என்கூட ஒன்பது வருஷம் நின்ன பசங்க எனக்கு ஊன்றுகோல் ஒண்ணு பார்சல்ல அனுப்பியிருக்கானுங்க, ரிப்பன் கட்டி. அவனுங்க ஒவ்வொருத்தனையும் நான் சாத்தணும். அப்புறம் போறேன்."

கழுத்தைப் பற்றி அவர் மனைவி கொரீனுக்குத் தெரியாது. என்னையும் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லவில்லை. அது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

இனி நம் விஷயம். வரும் ஞாயிறு மில்வாக்கிக்கு ஆட்டம் இல்லை, அடுத்தது இருபத்தேழாம் தேதி உங்களோடுதான். தாள் இல்லாமல், படம் இல்லாமல், ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் எதிரணிப் பயிற்சியாளர் சொன்னதை மட்டும் வைத்து இதை நான் அச்சிட முடியாது. அச்சிட்டாலும் கஸ் சிரித்ததுபோல ஊரே சிரிக்கும். உன் சமையலறை வாக்கியத்தையும் நான் உன்னை மட்டும் நம்பிப் போடவில்லை. அந்தக் கூடத்தில் இருந்த இருவரிடம் உறுதி செய்துகொண்டேன். ஆனால் அச்சுக்குப் போகும் முன் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் தடுத்துவிடுவாய் என்று பயந்தேன். இதை இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு என்னிடம் காரணம் இல்லை.

அந்தப் படம் வேண்டும், எர்னி. எனக்கு மட்டுமல்ல. லீக்கின் தலைமை மருத்துவருக்கு. அவர் கூடாது என்று சொன்னால் எந்த அணியும் ஒருவரை ஆடவிட முடியாது. அதை அனுப்பினால் உனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

ஹார்லன்


டொலீடோ
செப்டம்பர் 18, வெள்ளி

ஹார்லன்,

இன்று மதியம் ஒரு மணிக்கு, எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, மருத்துவ அறை அலமாரியை இருபது பவுண்டு இரும்புக் குண்டால் உடைத்தேன். நான்கு அடி தேவைப்பட்டது. கட்டுப்போடும் கிழவர் மோரி உள்ளேதான் இருந்தார். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன எர்னி, சாவி தொலைஞ்சு போச்சா?"

"ஆமா."

"அந்தப் பூட்டு எனக்கும் பிடிக்காது" என்று சொல்லி ரொட்டியைக் கடித்தார்.

இரண்டாவது அடியில் கண்ணாடி உடைந்து முன்கையில் ஏறியது. அவரே தைத்துவிட்டார். கையெழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

படம், டாக்டர் எழுதிய குறிப்பு, நான் கையெழுத்திட்ட ஒன்றரைப் பக்க வாக்குமூலம், மூன்றும் பதிவுத் தபாலில் லீக் தலைமை மருத்துவருக்குப் போய்விட்டன. திங்கள்கிழமை சேரும் என்றார் அஞ்சலக அம்மாள். வாக்குமூலத்தின் நகலும் டாக்டர் குறிப்பின் நகலும் இதோடு உனக்கு. காயம் தெரிந்தே 'இல்லை' என்று எழுதினேன், எழுதச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்று அதில் இருக்கிறது. பெட்டிஸ் கேட்டுக்கொண்டான் என்று எழுதவில்லை. நீயும் எழுதாதே.

மெக்லாரியிடம் கதவை உடைக்க வெளிப்பக்கமாக ஓடு என்று சொல்லியிருக்கிறேன். பொய். வெளிப்பக்கம் ஓடினால் நாங்கள் இருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்போம். முப்பது வருடத்தில் என் அணி தோற்க நான் திட்டம் போட்டது இதுவே முதல் தடவை. என் ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைப் பலகையில் வரைந்தேன்.

உன் கடிதத்தில் ஊன்றுகோலைப் பற்றிப் படித்தேன். அனுப்பியவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். அவர்கள் யாருக்கும் உண்மை தெரியாது. அவர்களையும் நான்தான் நம்ப வைத்தேன்.

பர்டெட்டுக்கு அலமாரியைப் பற்றி மாலைக்குள் தெரிந்துவிடும். நீ அச்சிடு. இந்தத் தடவை எனக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

எர்னி


மில்வாக்கி
செப்டம்பர் 24, வியாழன்

எர்னி,

திங்கள்கிழமை முதல் உன் வீட்டுத் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுப்பதில்லை. அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

லீக் மருத்துவர் அலுவலகம் உன் தபாலைத் திங்கள் காலை பெற்றுக்கொண்டது. அதன் செயலர் என்னிடம் தொலைபேசியில் உறுதி செய்தார். செவ்வாய் காலை என் செய்தி வந்தது. அன்று மதியம் டொலீடோ நிர்வாகம் உன்னை நீக்கியதாக மூன்று வரி அறிக்கை விட்டது. அதில் சொத்துச் சேதம் என்ற சொல் இருக்கிறது, பெட்டிஸ் என்ற பெயர் இல்லை. நீ கேட்டுக்கொண்டபடி அவர் உன்னிடம் கெஞ்சியதை நான் எழுதவில்லை.

மில்வாக்கி அணி அதை நம்பவில்லை. "நீக்கறது, அலமாரி உடைக்கறது எல்லாம் நாடகம்யா" என்றார் கஸ். "ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடியட்டும், திங்கக்கிழமை எர்னி பழைய நாற்காலியில உட்கார்ந்திருப்பான் பாரு." ஆனால் அவர் குரலில் சிரிப்பு குறைவாக இருந்தது. கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்து, பயிற்சிக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார்.

நேற்று உடை மாற்றும் அறையில் பெட்டிஸ் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். இடது கையால் என் கழுத்தைப் பிடித்து இரும்பு அலமாரியில் மோதினார். பின்தலை பிளந்தது, ஆறு தையல். இரண்டாவது முறை மோதும்போது இருவர் அவரைப் பிடித்து இழுத்தார்கள். அவர் வலது முழங்கையால் ஒருவன் மூக்கை உடைத்தார். மூன்றாவது ஆள் வந்த பிறகுதான் கை தளர்ந்தது.

"கொரீன் படிச்சுட்டா" என்றார். "குழந்தைங்களைக் கூட்டிட்டு பஸ் ஏறிட்டா, இங்க வந்து என்னை இழுத்துட்டுப் போக. அவ இழுத்தாலும் ஞாயித்துக்கிழமை முடியாம நான் நகர மாட்டேன். உன் கோச்கிட்ட போய்ச் சொல்லு. அவர் உயிரைக் கொடுத்திருந்தாக்கூட நான் இவ்வளவு கடன்பட்டிருக்க மாட்டேன். ஆனா எனக்கு அவர் முகத்துல முழிக்கவே இஷ்டமில்லை."

சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன். என்ன பொருள் என்று என்னைக் கேட்காதே.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விட்டால் நீ வேறு யார் மூலமாவது கேட்பாய். மெக்லாரி உன் திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். நீ இல்லாமலே யோசித்திருக்கிறார். புதன்கிழமைப் பயிற்சியில் டொலீடோ இருபத்திரண்டு முறை ஒரே நகர்வை ஓடிப் பார்த்ததாக அங்கே இருக்கும் எங்கள் நிருபர் சொல்கிறார். முன்னால் காவலன், நேராக நடுவில், பின்னால் பந்து. அந்தக் காவலனின் எடை இருநூற்று எழுபத்தெட்டு பவுண்டாம்.

உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். லீக் மருத்துவர் தாமே மில்வாக்கி வருகிறார். பெட்டிஸைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரிசோதிக்கிறார், புதிய படம் எடுக்கப்படும். ஆடலாமா கூடாதா என்ற முடிவு அன்று நண்பகலுக்குள் டெலிபிரிண்டரில் வரும். ஆட்டம் ஞாயிறு ஒரு மணிக்கு. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்த முடிவு உனக்குத் தெரிந்திருக்கலாம். எழுதும் எனக்குத் தெரியாது.

பரிசோதனை முடியும்வரை அவர் பட்டியலில் இருக்கிறார், பயிற்சி செய்யத் தடையில்லை என்று லீக் விதி சொல்கிறது. அதைத் தலைமையகத்தில் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இன்று பிற்பகல் முழுக் கவசத்தோடு ஒன்றரை மணி நேரப் பயிற்சி. வேலியோரம் நின்று பார்த்தேன். பதினான்கு முறை கதவைத் திறந்தார்கள். பதினான்கு முறையும் அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் போனார்.

நாளையும் முழுக் கவசம் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு மணிக்கு.

ஹார்லன்